ரப்ஹா பார்த்துவந்த பாதங்கள்

என் நாத்தனார் ரப்ஹா புருஷன் வீட்டிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்த அன்று நான் அடுப்பில் ரொட்டி போட்டிருந்தேன். கழுதைமேல் ஒரு மூட்டை, பின்னால் அவள். மீதெல்த் ஊர்ப் பக்கத்தில் அவளைக் கட்டிக்கொண்டு போனவன், பிள்ளை பிறக்கவில்லை என்று அனுப்பிவிட்டான். அழுதுகொண்டு வருவாள், கட்டிப்பிடித்துத் தேற்ற வேண்டியிருக்கும் என்று நான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"அண்ணி, ரொட்டி தீயுது" என்றாள்.

போய்த் திருப்பிப் போட்டேன். அதற்குள் அவள் மூட்டையை இறக்கி, கழுதைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். அந்தக் கல்யாணத்தைப் பற்றி அவளிடமிருந்து நான் கேட்டது அவ்வளவுதான்.

மறுநாள் என் புருஷன் ஹத்தூ, "ஆட்டை ஓட்டிட்டுப் போறியா?" என்று கேட்டார். "போறேண்ணே" என்றாள். அண்ணனும் தங்கையும் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள், சொல்லுக்குப் பஞ்சம் வந்ததுபோல. அட்லஸ் மலையில், திமஹ்தித் மேட்டில் எங்கள் பிழைப்பு ஆடு. குளிர் காலத்தில் பள்ளத்தில் கல் வீடு, வெயில் வந்ததும் மேலே ஆட்டுமயிர்க் கூடாரம். ஹத்தூ சந்தை, தீவனம், ரோம வெட்டு, விற்பனை என்று அலைவார். மந்தையோடு நடப்பது ரப்ஹா என்று ஆகிப்போனது.

அப்போது எங்களிடம் ஒரு கிழட்டு நாய் இருந்தது. அவள் வந்த முதல் குளிரிலேயே அதைப் பறிகொடுத்தோம். பகலில் பனியின் மேல்பரப்பு இளகி, சாயங்காலம் மறுபடி இறுகும். இறுகினால் உடைந்த கண்ணாடிதான். ஆட்டுக்குக் குளம்பு இருக்கிறது, அது குத்திக் குத்தி நடந்துவிடும். நாய்க்கு வெறும் சதை. அன்று வானம் கறுத்து வந்துகொண்டிருந்தது, மந்தையைக் கொட்டிலுக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும். நாய் கால் வைத்த இடமெல்லாம் சிவப்பாக இருப்பதை ரப்ஹா பார்த்திருக்கிறாள். ஆனால் மந்தையை விட்டுவிட்டு அவளால் நிற்க முடியவில்லை. பாதி வழியில் அது உட்கார்ந்துவிட்டது. ஆடுகளை அடைத்துவிட்டு அவள் திரும்பி ஓடியபோது நரிகள் வந்து போயிருந்தன.

வந்து அடுப்பருகே உட்கார்ந்தாள். நான் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். "பாதம்தான் அண்ணி, வேற ஒரு குறையும் இல்ல அதுக்கு" என்றாள். தேநீரைக் குடிக்கவில்லை.

இளவேனிலில் ஹத்தூ ஒரு குட்டியைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். வெள்ளை வெளேரென்று, எலும்பு தடித்து, கரடிக்குட்டி மாதிரி. வெள்ளையாக இருந்ததால் அம்லால் என்று பெயர். எங்கள் பேச்சில் வெள்ளையன் என்று பொருள். அது வந்த நாளிலிருந்து என் வீட்டுக் கொழுப்புச் சட்டியில் கொழுப்பு தங்கவில்லை.

ரப்ஹா ஆட்டுக் கொழுப்பை உருக்கி, தேன்மெழுகு போட்டு, அதில் கத்ரானைக் கொஞ்சம் விடுவாள். தேவதாரு விறகைச் சுட்டு இறக்குகிற கருந்தைலம் அது. ஆட்டுச் சொறிக்குப் போடுவோம், தண்ணீர்த் தோல்பைக்குப் பூசுவோம், வீடெல்லாம் நாறும். பனிக் காலத்தில் காலையில் மந்தை கிளம்புவதற்கு முன்னால் அம்லாலின் நான்கு பாதத்திலும் இந்தக் களிம்பைத் தேய்ப்பாள். விரல்களுக்கு நடுவில் வளர்ந்த மயிரை ரோமக் கத்தரியால் ஒட்ட வெட்டுவாள், இல்லாவிட்டால் அதில் பனி உருண்டை உருண்டையாகப் பிடித்துக்கொள்ளும், கல்லைக் கட்டிக்கொண்டு நடப்பதுபோல நாய் நடக்கும். தார்ச்சாலையைக் கடந்து வந்த நாளென்றால் சாயங்காலம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒவ்வொரு காலாக முக்கி எடுப்பாள். பனி உருகுவதற்காகச் சாலையில் உப்பு கொட்டுகிறார்கள். வண்டிக்கு நல்லது, பாதத்துக்கு எரிச்சல்.

"எம் பிள்ளைங்க காலு கழுவ விறகு இல்ல, நாய்க்கு வெந்நீர் கேக்குதா?" என்று ஒருநாள் சொன்னேன்.

"உம் பிள்ளைங்களுக்குச் செருப்பு இருக்கு அண்ணி" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

வெயில் காலத்துக்கு வேறு வேலை. மேல் மேய்ச்சல் நிலம் முழுக்கக் கறுப்புப் பாறை. உச்சி வெயிலில் அதன்மேல் மாவைத் தட்டினால் வெந்துவிடும். தன் உள்ளங்கையைப் பாறையில் வைத்துப் பார்த்து, தாங்கவில்லை என்றால் மந்தையை அங்கேயே நிழலில் கிடத்திவிடுவாள், ஹத்தூ என்ன கத்தினாலும் சரி. தோல் கெட்டிப்பட வேண்டும் என்று அம்லாலின் பாதங்களுக்கு மருதாணி அரைத்து வைப்பாள். வேட்டை நாய் வளர்க்கிறவர்கள் செய்வதுதான், ஆனால் எங்கள் பக்கம் மந்தை நாய்க்கு யாரும் செய்ததில்லை. பாதத்தில் மருதாணியைக் கட்டிக்கொண்டு அந்தப் பெரிய நாய், அவள் மடியில் தலையைப் போட்டு, காய்கிற வரைக்கும் அசையாமல் கிடக்கும்.

சந்தைக்கு ஆடு ஏற்றிப் போகிற பிக்கப் வண்டிக்காரன் பென்னாஸர் இதைப் பார்த்துவிட்டான். வாய்க்கொழுப்புப் பிடித்தவன்.

"என்ன ரப்ஹா, மருதாணி வெச்சாச்சு, மாப்பிள்ளை அழைப்பு எப்போ? மேளத்துக்குச் சொல்லிடட்டுமா?"

"சொல்லு. மாப்பிள்ளைக்கு உன் வண்டியத்தான் கேட்டிருக்கோம். ஆட்டுப் புழுக்கைய மட்டும் கழுவிட்டுக் கொண்டா."

"பல்லு நல்லா இருக்கு மாப்பிள்ளைக்கு. முந்தினவனுக்கு அதுவும் இல்லன்னு கேள்வி."

நான் பயந்துபோய் அவளைப் பார்த்தேன். அவள் சிரித்தாள். அந்தக் கல்யாணத்தைப் பற்றி யாராவது பேசி அவள் சிரித்தது அன்றுதான்.

ஆனால் அவள் நிஜமாகப் பயந்தது பனிக்கும் இல்லை, பாறைக்கும் இல்லை. புல்லுக்குத்தான். காட்டு பார்லிப் புல் எங்கள் மேடு முழுக்க முளைக்கும். பச்சையாக இருக்கும்போது ஆடு ஆசையாகத் தின்னும். கதிர் காய்ந்ததும் ஊசி ஊசியாக உதிரும். எங்கள் பாவாடை ஓரத்தில் அப்பிக்கொள்ளும், உதறினால் விழாது, ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். அந்த ஊசிப்புல் நாயின் விரலிடுக்கில் நுழைந்துவிட்டால் பிறகு வெளியே வராது. ஒரே பக்கமாகச் சாய்ந்த முள் அதில் இருக்கிறது. நாய் நடக்க நடக்க உள்ளேதான் போகும். அதனால் அந்த மாதங்களில் தினமும் பொழுது சாய்வதற்குள், வெளிச்சம் இருக்கும்போதே, அம்லாலை மல்லாத்திப் போட்டு ஒவ்வொரு விரலிடுக்கையும் விரித்துப் பார்ப்பாள். பார்ப்பது என்று சொல்கிறேன், கண்ணால் அல்ல. எங்கோ பார்த்துக்கொண்டு விரலால் தடவித் தடவிப் போவாள். இப்படியே பல வருஷம் போயின. அம்லால் ஒருநாள்கூட நொண்டவில்லை. மேட்டில் எந்தக் கூடாரத்து நாய்க்கும் அப்படி நான்கு கால் கிடையாது.

ஒரு வருஷம் ஊசிப்புல் காயத் தொடங்கிய சமயம் எனக்கு நிறைமாதம். இரண்டு பிள்ளைகளை வீட்டிலேயே பெற்றவள் நான், மூன்றாவதும் அப்படித்தான் என்று நினைத்திருந்தோம். நடக்கவில்லை. இரத்தம் நிற்கவில்லை. பென்னாஸரின் வண்டியில் ஆட்டுத் தடுப்பைக் கழற்றிவிட்டு, கம்பளி விரித்து, என்னைப் போட்டுக்கொண்டு பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பெண்கள் கூடத்தில் ஆண்களை இருக்க விடமாட்டார்கள். கூட இருக்க ஒரு பெண் வேண்டும். என் அம்மா இல்லை, அக்காவிடம் மற்ற பிள்ளைகளை விட்டாயிற்று. ரப்ஹாதான்.

அவள் வண்டியில் ஏறுவதற்கு முன்னால் அண்ணனிடம் சொன்னது, வலியோடு வலியாக எனக்கும் கேட்டது.

"அண்ணே, தினமும் அம்லால் காலைப் பாரு. எல்லா விரலும். விரிச்சுப் பாரு."

"ஏறு முதல்ல நீ. இவ செத்துக்கிட்டு இருக்கா."

"விரிச்சுப் பாக்கணும்ணே."

"நாய் வளர்த்தவன்தான் நானும். ஏறு."

வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். பெண் குழந்தை. இஸ்ஸா என்று பெயர் வைத்தோம். குழந்தை நன்றாக இருந்தது, எனக்குத்தான் காய்ச்சல் விடவில்லை, தையல் சீழ் பிடித்தது. வீட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்றார்கள். ரப்ஹா என் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் இடையில் தரையில் படுத்தாள். குழந்தையைக் குளிப்பாட்டுவது, எனக்குக் கஞ்சி ஊட்டுவது, நர்ஸுகளிடம் சண்டை போடாமல் காரியம் சாதிப்பது எல்லாம் அவளே. மேட்டைவிட்டு அவள் அத்தனை நாள் வெளியில் இருந்தது கல்யாணத்துக்குப் பிறகு அப்போதுதான்.

எனக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஒரு மத்தியானம் அவள் என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துப் பிடித்துவிட்டாள். நான் கண்ணை மூடிக் கிடந்தேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே என் கால் விரல் ஒவ்வொன்றையும் பிரித்து இடுக்கில் தடவுகிறாள்.

"ஏண்டி, நான் என்ன அம்லாலா?"

கையை எடுத்துக்கொண்டாள். நான் சிரிக்கப் போய்த் தையல் வலித்து நிறுத்தினேன். பக்கத்துக் கட்டில்காரி யார் அம்லால் என்று கேட்டாள். "எங்க வீட்டுப் பெரிய பையன்" என்றாள் ரப்ஹா.

பிறகு என்னிடம் மெதுவாக, "காத்து எப்படி அடிக்குது பாரு அண்ணி. மேல எல்லாம் காஞ்சிருக்கும்" என்றாள்.

"நீ வேணா போயிட்டு வா" என்றேன். சும்மா சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னேன்.

"உனக்கு யாரு இருக்கா?" என்றாள். குழந்தை அழுதது, எழுந்து போனாள். அதற்கப்புறம் நாயின் பேச்சை அவள் எடுக்கவில்லை.

நாங்கள் வீடு திரும்பியபோது மந்தை மேலே ஏறியிருந்தது. பென்னாஸர் கூடாரம் வரைக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். சத்தம் கேட்டு அம்லால் ஓடி வந்தது. வழக்கம்போலக் குரைத்துக்கொண்டு, வாலை ஆட்டிக்கொண்டுதான் வந்தது. ஆனால் முன்னங்கால் ஒன்று, இடது கால், தரையில் சரியாக ஊன்றவில்லை. எனக்கு அது கண்ணில் படவே இல்லை. ரப்ஹா குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே தூசியில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

விரலிடுக்கில் ஒரு சின்ன ஓட்டை. கடுகு அளவுகூட இருக்காது. ஈரமாக இருந்தது.

"முள்ளு கிள்ளு குத்தியிருக்கும்" என்றார் ஹத்தூ. "ரெண்டு நாளாத்தான் இப்படி நடக்குது. சரியாயிடும்."

"பாத்தியாண்ணே?"

"பாத்தேன்."

"கையால பாத்தியா, கண்ணால பாத்தியா?"

அவர் ரோம மூட்டையின் கயிற்றை இறுக்கப் போனார். ரோமம் வெட்டும் நாட்கள் அவை. அவர் ஒருவராக ஆள்களை அழைத்து, சோறு போட்டு, ஆடுகளைப் பிடித்துக் கட்டி, ரோமத்தை மூட்டை கட்டி, நடுவில் ஆஸ்பத்திரிக்கு வந்து போய்க்கொண்டு இருந்தார். நாயையும் பார்த்தார், அது எனக்குத் தெரியும். காலைத் தூக்கிப் பார்த்திருப்பார், வெளியில் ஒன்றும் தெரியாமல் விட்டிருப்பார். அவள் திரும்பக் கேட்கவில்லை. அன்றும் இல்லை, பிறகு எந்த நாளும் இல்லை. கேட்டிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

வெங்காயத்தைச் சுட்டு வைத்துக் கட்டினாள். மாவில் தேன் குழைத்து வைத்துக் கட்டினாள். வெந்நீரில் காலை வைத்து மேலிருந்து கீழாக நீவினாள். நாய் பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தது. ஒரு காலையில் பாதம் உடைந்து சீழ் கொட்டியது. அந்தச் சீழைத் துணியில் பரப்பி, வெளிச்சத்தில் வைத்துக் குச்சியால் கிளறித் தேடினாள். புல் இல்லை. ஆனால் வீக்கம் வடிந்தது, நாய் நான்கு காலில் நடந்தது. நானும் ஹத்தூவும் அப்பாடா என்றிருந்தோம்.

"வெளிய வந்து விழுந்திருக்கும்டி. நீ பாக்காம இருந்திருப்ப" என்றேன்.

"இருக்கலாம்" என்றாள்.

வாரம் ஒன்றிரண்டு போனது. முன்னங்கால் மூட்டுக்கு மேலே, போன தடவை வீங்கிய இடத்துக்கு ஒரு சாண் மேலே, மறுபடி வீங்கியது.

ஆடுகளுக்குத் தடுப்பூசி போட அரசாங்க மாட்டு வைத்தியர் மேட்டுக்கு வந்தார். ஸகரியா என்று பெயர், சின்ன வயசு, சமவெளிக்காரர். அன்றைக்குப் போட வேண்டிய ஆடு மலைபோலக் கிடந்தது. ஆனாலும் ரப்ஹா நாயைத் தூக்கிக்கொண்டு வந்து முன்னால் நின்றதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். ஹத்தூ தலையைப் பிடித்துக்கொண்டார், ரப்ஹா உடம்பை. மரத்துப்போக ஊசி போட்டு, வீக்கத்தைக் கிழித்து, வளைந்த கம்பி ஒன்றை உள்ளே விட்டுத் துழாவினார். வெகுநேரம் துழாவினார். வியர்வை மூக்கில் சொட்டியது.

"இல்லக்கா" என்றார். "போன வழி தெரியுது. அது இல்ல."

"இன்னும் கொஞ்சம் மேல பாருங்க ஐயா."

"பாத்துட்டேன். இதுக்கு மேல கிழிச்சா கால் நரம்பு போயிடும்." கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "அதுக்குத் திரும்பி வரத் தெரியாதுக்கா. முன்னாலதான் போகும்."

"தெரியும்" என்றாள் ரப்ஹா.

"படம் புடிச்சாலும் புல்லு தெரியாது. எலும்புதான் தெரியும். பட்டணத்துக்குக் கொண்டு போனா காலை எடுக்கலாம். தோள் வரைக்கும் ஏறாம இருந்தா, பிழைச்சுக்கும்."

ஹத்தூ நாயின் தலையை விட்டுவிட்டு எழுந்தார். "மூணு கால் நாய நரி முன்னால நிறுத்தவா?"

"நிறுத்த வேணாம்ணே. சும்மா கிடக்கட்டும்" என்றாள் அவள். எங்கள் மேட்டில் சும்மா கிடக்கிற நாய் என்று எதுவும் இருந்ததில்லை. அவருக்கும் அது தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் பென்னாஸரிடம் போய் வண்டி கேட்டார்.

பென்னாஸர் அன்று ஒரு கிண்டலும் செய்யவில்லை. பின்னால் கம்பளி விரித்தான், எனக்கு விரித்த அதே மாதிரி. போகும்போது நாயை முன்னால் வைத்துக்கொள்ளச் சொன்னானாம், பின்னால் தூக்கிப் போடும் என்று. அந்த ஆள் வெள்ளிக்கிழமைத் தொழுகையை விடாதவன், நாய் உரசினால் அசுத்தம் என்று அந்தச் சட்டையோடு தொழ உட்காரமாட்டான். அவன் தொடைமேல் தலையை வைத்துக்கொண்டுதான் அம்லால் பட்டணம் போனது.

அங்கே நடந்ததை ரப்ஹா சொல்லி நான் கேட்டது கொஞ்சம், ஹத்தூ சொன்னது கொஞ்சம். அங்கிருந்த வைத்தியர் வயதானவர். காலைத் தொட்டுப் பார்த்தார், தோளைத் தொட்டுப் பார்த்தார், பிறகு விலா எலும்புகளுக்கு இடையில் காதை வைத்துக் கேட்டார். புல் நெஞ்சுக்குள் போய்விட்டது, கால் எடுக்க வேண்டாம், எடுத்துப் பிரயோஜனம் இல்லை என்றார். மாத்திரை கொடுத்தார். வலிக்கு ஒன்று, சீழுக்கு ஒன்று.

"எவ்வளவு நாளு ஐயா?" என்று ஹத்தூ கேட்டாராம்.

"அதை அந்தப் புல்லைத்தான் கேக்கணும்" என்றாராம் அவர்.

திரும்பி வந்த பிறகு மாத்திரைகளை ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தாள். கொஞ்ச நாள் நன்றாக இருக்கும், வாலாட்டும், ஆடுகளைச் சுற்றிவரும். கொஞ்ச நாள் சோறு திங்காது. இருமும். இன்றைக்கு எப்படி இருக்கும் என்று காலையில் யாராலும் சொல்ல முடியாது. எங்கள் கூடாரத்தில் எல்லோரும் அந்த இருமலுக்குக் காது வைத்துக்கொண்டு ரொட்டி தின்றோம். ஒரு தட்டுமேல் தட்டு வைத்தால்கூடச் சத்தம் வராமல் வைத்தேன். எதற்கு அப்படி வைத்தேன் என்று எனக்குத் தெரியாது.

இஸ்ஸா நன்றாகப் பால் குடித்தாள், நன்றாக வளர்ந்தாள். ரப்ஹா அவளைத் தூக்கி வைத்துக் கொஞ்சும்போது ரப்ஹாவின் முகத்தை நான் உற்றுப் பார்ப்பேன். ஏதாவது தெரிகிறதா என்று பார்ப்பேன். ஒன்றும் தெரிந்ததில்லை. ஒருநாள் நானே கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு நீ போயிருந்தா நல்லா இருந்திருக்கும், இல்ல?"

"எங்க?"

"ஆஸ்பத்திரியில இருந்து."

குழந்தையின் வாயைத் துடைத்தாள். "போயிருந்தா உனக்குக் காய்ச்சல் ஏறியிருக்கும், நான் அங்க மலையில இருந்து என்ன பண்ணியிருப்பேன்? கெடக்குது விடு அண்ணி. எல்லாக் காலையும் நானே பாக்க முடியுமா?" என்றாள். பிறகு எழுந்து போய் அம்லாலின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இலையுதிர் காலத்தில் மந்தையைக் கீழே இறக்கினோம். அம்லாலைக் கழுதைமேல் கூடையில் வைத்துக் கட்டினார் ஹத்தூ. பாதி மலை இறங்குவதற்குள் கயிற்றைக் கடித்துக் குதித்துவிட்டது. மூன்று காலில் தத்தித் தத்தி மந்தையின் பக்கவாட்டில், தன் பழைய இடத்துக்குப் போய் நின்றது. திரும்பப் பிடித்து வைத்தோம், மறுபடி குதித்தது. ஹத்தூ கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு தங்கையைப் பார்த்தார்.

"விடுண்ணே. நடக்கட்டும்."

கீழ்வயல்களில் அறுத்த தாள் கூர்கூராக நிற்கும், முள்ளிச் செடியும் இருக்கும். ரப்ஹா மந்தையை நிறுத்தினாள். இடுப்பில் இருந்த டப்பியை எடுத்து, நாயைப் படுக்கவைத்து, நன்றாக இருந்த மூன்று பாதத்துக்கும் களிம்பு தேய்த்தாள். ஒவ்வொரு விரலிடுக்காகத் தடவினாள். ஆடுகள் அலைந்தன, ஹத்தூ ஓடி ஓடி மறித்துக்கொண்டிருந்தார். நான் இஸ்ஸாவை முதுகில் கட்டிக்கொண்டு நின்றேன்.

முதல் உறைபனி விழுந்து சில நாளைக்கெல்லாம் அம்லால் கொட்டில் சுவர் ஓரத்தில், வெயில் படுகிற இடத்தில், செத்துக் கிடந்தது. ரப்ஹா ஆடுகளோடு வெளியே போயிருந்தாள். நான்தான் பார்த்தேன். ஹத்தூ குழி தோண்டினார். தரை இறுகிக் கிடந்ததால் வெகுநேரம் தோண்டினார். அவள் வந்ததும் குழியை எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டுண்ணே. நரி தோண்டும்" என்றாள்.

அவர் மறுபடி இறங்கி வெட்டினார். வெட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "நான் கையால பாக்கல" என்றார். அவள் கேட்டாளா என்று தெரியவில்லை. குழிமேல் அடுக்கக் கல் பொறுக்கப் போயிருந்தாள்.

மந்தைக்கு நாய் இல்லாமல் முடியாது. அந்தக் குளிரிலேயே ஹத்தூ வேறொரு குட்டி கொண்டுவந்தார், பழுப்பு நிறம். ரப்ஹா அதற்குச் சோறு வைத்தாள், பழக்கினாள். பெயர் மட்டும் வைக்கவில்லை. நாங்களும் "ஏ, குட்டி" என்றே கூப்பிட்டோம். அது பெரிதான பிறகும் அப்படித்தான்.

அடுத்த வருஷம் நல்ல மழை. பல வருஷமாக மேட்டில் அப்படி ஒரு பச்சையை யாரும் பார்த்ததில்லை. தீவனம் வாங்க வேண்டியதில்லை என்று வீட்டுக்கு வீடு சந்தோஷம். புல் முழங்கால் உயரம் நின்றது, அதில் பாதி காட்டு பார்லி. அது கதிர் விட்டுக் காயத் தொடங்கியபோது ஒரு காலையில் ரப்ஹா அரிவாளை எடுத்துக்கொண்டு, வாசலிலிருந்து கொட்டில் வரைக்கும், கொட்டிலிலிருந்து ஊற்றுக்குப் போகிற வழி நெடுகவும் குனிந்து அறுத்துக்கொண்டே போனாள். அறுத்ததைக் குவித்து நெருப்பு வைத்தாள்.

பென்னாஸர் வண்டியை நிறுத்தினான். "ரப்ஹா, மலைக்கே சவரம் பண்ணப் போறியா?"

"வாசல் வரைக்கும்தான்" என்றாள்.

"அப்புறம் மேல ஏறுவீங்களே. அங்க?"

அவள் நிமிர்ந்து மேட்டைப் பார்த்தாள். கண்ணுக்கு எட்டிய தூரமும் காய்ந்த கதிர், காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பென்னாஸர் வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

ஹத்தூ இன்னொரு அரிவாளோடு வந்தார். "அந்தப் பக்கம் நான் பாக்கறேன்."

"வேணாம்ணே. நீ போய்க் கழுதைக்குத் தண்ணி காட்டு."

அவர் போனார். அவள் பொழுது சாயத் தொடங்கும் வரைக்கும் அறுத்தாள். சில வாரத்தில் அறுத்த இடமெல்லாம் மறுபடி தளிர்த்துக் கதிர் விட்டது. வெட்டிய புல் அப்படித்தான் வரும். அறுத்த அன்று சாயங்காலம் வேலை முடிந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தவள் குட்டியைக் கூப்பிட்டாள். அது ஓடி வந்தது. வாசல் படியில், வெயில் இருக்கிற பக்கமாக, அதை மல்லாத்திப் போட்டு முதல் காலை எடுத்துக்கொண்டாள்.